பேரிடர் வேலைக்கு வெளிநாடு போகணுமா? இந்தத் தப்புங்களப் பண்ணாதீங்க

ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் நம்ம கடலூர்ப் புள்ளைங்க நெறைய பேரு ஐநா மாதிரி எடத்துல பேரிடர் வேலைக்கு எப்டிப் போறதுன்னு கேக்குறாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா எல்லாரும் ஒரே மாதிரி தப்பு பண்றதப் பாத்தா மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

பூகம்பம்னதும் ஃப்ளைட் ஏறிப் போய் ஆளுங்களத் தூக்குறதுதான் வேலைன்னு நெனைக்காதீங்க. மொதல்ல ஓடி வந்து காப்பாத்துறது எப்பவும் அக்கம்பக்கத்து ஜனங்கதான். வெளிய இருந்து உதவி போகணும்னா அந்த நாடு சம்மதிக்கணும், 1991ல ஐநா பொதுச்சபை போட்ட 46/182 தீர்மானத்துலயே அது இருக்கு. போன பிறகும் எந்த ஊருக்கு யாரு தண்ணி குடுக்குறா, எவ்ளோ கூடாரம் வந்துச்சு, மீட்டிங், ரிப்போர்ட்டு, இதான் முக்காவாசி வேலை.

அடுத்தது, கேக்காம குடுக்குறது. 2004 சுனாமி முடிஞ்ச வாரம் தேவனாம்பட்டினம் ரோட்டோரம் பழைய துணி குவிஞ்சு கெடந்துச்சு, அதுல கம்பளி ஸ்வெட்டர்கூட இருந்துச்சு, நம்ம ஊரு வெயிலுக்கு! அங்க இருந்த பொம்பளைங்க யாரும் தொடல, அவங்க தேடுனது உள்பாவாடையும் குடமும் அடுப்பும். இன்னிக்கு உலகம் முழுக்க பொருளுக்குப் பதிலா பணமாவே குடுக்குற வழக்கம் வளந்ததுக்கு இந்த மாதிரி அனுபவமும் ஒரு காரணம்.

பேரிடர்ல மாட்டுன ஜனங்களுக்குக் கொறஞ்சது என்னென்ன கெடைக்கணும்னு சொல்ற ஸ்ஃபியர் கையேடு படிக்காம இன்டர்வியூக்குப் போயிடாதீங்க. ஆளுக்கு ஒரு நாளைக்குக் கொறஞ்சது 15 லிட்டர் தண்ணி, தங்குறதுக்குத் தலைக்கு 3.5 சதுர மீட்டர் எடம், 20 பேருக்கு ஒரு கக்கூஸ். நம்ம புயல் பாதுகாப்பு மையத்துல டேப் புடிச்சு அளந்து பாருங்க, அப்பதான் அந்த நம்பர் மண்டைல ஏறும்.

எனக்கு ரொம்ப வருத்தமான தப்பு ஒண்ணு இருக்கு. ஒரு தங்கச்சியோட சிவில, அதான் பயோடேட்டாவுல, 'வாலண்டியர்'னு ஒரே ஒரு வார்த்தை. பேசிப் பாத்தா, ஃபெஞ்சல் அப்போ ஸ்கூல் முகாம்ல லாங் சைஸ் நோட்டுல ஸ்கேல் வச்சு கோடு போட்டு, ஒவ்வொரு பாயா போய் உக்காந்து, வீட்ல எத்தன பேரு, கைக்கொழந்த இருக்கா, யாருக்கு சுகர் மாத்திர தீந்துபோச்சுன்னு கேட்டுக் கேட்டு எழுதி, அன்னிக்கு ராத்திரியே விஏஓ கிட்ட குடுத்துருக்கு. இதுக்குப் பேரு தேவை மதிப்பீடும்மா, இதுக்குன்னே தனி போஸ்ட் இருக்குன்னேன், அந்தப் புள்ளைக்கு கண்ணு கலங்கிடுச்சு.

பக்கத்துல பாண்டிச்சேரிய வச்சுக்கிட்டு ஃப்ரெஞ்சு படிக்காம விடுறதும் தப்புதான். காங்கோ, சாட் பக்கமெல்லாம் அது இல்லாம வேலை ஓடாது, அலியான்ஸ் ஃப்ரான்சேஸ்ல இப்பவே சேருங்க.

கடைசியா, ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டாதீங்க. ஐநா வேலைக்கு எந்தக் கட்டத்துலயும் ஒரு பைசா வாங்க மாட்டாங்க. ஐநா நடத்துற ரிலீஃப்வெப் வெப்சைட்ல வேலை அறிவிப்பெல்லாம் ஃப்ரீயாவே வருது, ஒரு பத்து அறிவிப்ப எடுத்து என்ன அனுபவம் கேக்குறாங்கன்னு நிதானமா படிங்க, முகாம்ல எழுதுன நோட்டு வீட்ல கெடந்தா அதப் பக்கத்துல வச்சுக்கிட்டு சிவிய எழுதுங்க.