இரண்டு பயிற்சித் திட்டங்களுக்கு நடுவே: சைக்கிளோட்டிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டு வாரத் திட்டத்தை ஒரு நாள் விடாமல் முடித்தவர்கள்கூட, அதற்கடுத்த மாதத்தில் பாதிப் பலனைக் கோட்டைவிடுகிறார்கள். கோலாலம்பூர்ச் சாலைகளில் புதிதாக ஓட்ட வரும் தம்பி தங்கைகளை ஞாயிறுதோறும் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள், வரிசை மாறாமல். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், டயரில் காற்றைப் பாருங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை உள்ள வாரங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கெந்திங் செம்பாவை வாராந்தரப் பரீட்சையாக்குவது

கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா மலைக்கணவாய் வழியாகப் பெந்தோங் போகும் பழைய சாலை நமக்கு வாய்த்த வரம். காராக் நெடுஞ்சாலை வந்த பிறகு பெரும்பாலான வாகனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. 12ஆம் கட்டையில் ஒராங் அஸ்லி மருத்துவமனையைத் தாண்டினால், மூங்கில் நிழலில் வளைவுக்கு வளைவு ஏற்றம்தான். திட்டம் முடிந்த கையோடு இதே சாலையில் வாரம் மூன்று முறை நேரம் பார்த்து ஏறுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அட்டவணை இல்லாத வாரம், மனம்போல் ஓட்டலாம் என்றுதான் கிளம்புகிறார்கள். குழுவில் ஒருவர் வேகமெடுத்ததும் அது பந்தயமாகிவிடுகிறது.

எங்கள் குழுவில் ஒரு தம்பி. உச்சியில் வந்து நின்றவர் தண்ணீர்ப் புட்டியைத் தொடவில்லை. மூச்சு வாங்க வாங்க மீட்டரில் நேரத்தைத் தேடினார். போன வாரத்தைவிட 40 நொடி தாமதம்.

"அண்ணே, வியாழக்கிழமை மறுபடியும் வருவோம். பிடித்துவிடலாம்."

"ஒரு வாரம் காலுக்கு ஓய்வு கொடுங்கள் தம்பி."

"ஓய்வெடுத்தால் சேர்த்ததெல்லாம் போய்விடாதா?"

வியாழனும் வந்தார், அடுத்த ஞாயிறும் வந்தார். புதிய திட்டத்தின் மூன்றாம் வாரத்தில் பயிற்சியைப் பாதியில் நிறுத்தினார். காலையில் கண் விழிக்கும்போதே நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. தூக்கம் கெட்டது. பிறகு முழங்கால் வலி வந்து இரண்டு மாதத்தைத் தின்றுவிட்டது. நல்ல உழைப்பாளி. ஒரே ஒரு வாரம் அடங்கியிருந்தால் போதும். நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சேர்த்தது போய்விடும் என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் வேர். 1980களில் ராபர்ட் ஹிக்சன் அமெரிக்காவில் செய்த ஆய்வுகள் இதற்குப் பதில் சொல்கின்றன. வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களின் நேரத்தை 26 அல்லது 13 நிமிடமாகக் குறைத்தார். கடுமை மாறாதவரை, 15 வாரங்களுக்குப் பிறகும் அவர்களின் ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் குறையவில்லை. 13 நிமிடக்காரர்களுக்கு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் வலு மட்டும் சற்றுக் குறைந்தது. ஆகவே, முதல் வாரம் வழக்கமான நேரத்தில் பாதி மட்டும், அதுவும் இலேசாக. பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்கு, வாரம் ஒரு கடுமையான ஓட்டம் போதும். வேண்டுமானால் அந்த ஒன்றைச் செம்பாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் புத்ராஜெயா ஏரிக்கரையோ, உலு லங்காட் 18ஆம் கட்டை வரையோ, பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓட்டுங்கள். வெயில் ஏற ஏற அதே வாட்டுக்கு, அதாவது அதே மிதிக்கும் சக்திக்கு, நாடி கூடிக்கொண்டே போகும். அப்போது வாட்டைக் குறையுங்கள். மீட்டரில் தெரியும் வாட் அளவைக் காப்பாற்ற முயலாதீர்கள்.

நாம் வாங்கும் திட்டங்களில் பல குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே பருவம் முடிந்ததும் பனியே சைக்கிளை உள்ளே வைக்கச் சொல்லிவிடும். இங்கே ஆண்டு முழுவதும் பகலில் 30 பாகைக்கு மேல், வாரந்தோறும் குழு ஓட்டம். நிறுத்தச் சொல்ல ஆளில்லாத ஊரில் நிறுத்தும் நாளை நாமே நாள்காட்டியில் குறித்தாக வேண்டும்.

மறுவாரமே எஃப்டிபி சோதனை

எஃப்டிபி என்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து மிதிக்கக்கூடிய அதிகபட்ச சக்தி. களைத்த காலில் வரும் அளவை நம்பி அடுத்த திட்டத்தைத் தொடங்காதீர்கள்.

மறுநாளே புதிய திட்டம்

வேண்டாம்.

மூன்று வாரம் சைக்கிளைத் தொடாமலே இருப்பது

இது எதிர்முனைத் தவறு. ரத்தத்தின் நீர்மப் பகுதி இரண்டு வாரத்துக்குள்ளேயே குறையத் தொடங்கிவிடும். பழகிய மேட்டில் இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். நாளெல்லாம் ஏர்கான் அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெயிலைத் தாங்கும் பழக்கமும் கழன்றுவிடும். மலேசியாவில் இது சாதாரண இழப்பு இல்லை. வாரம் இரண்டு முறையாவது வெளியே ஓட்டுங்கள்.

எடைப் பயிற்சியைத் தள்ளிப்போடுவது

சைக்கிள் ஓட்டுவதால் எலும்புக்குப் போதிய சுமை கிடைப்பதில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதை மனத்தில் வைக்க வேண்டும். எடையுடன் குந்தி எழும் ஸ்குவாட், தரையிலிருந்து எடை தூக்கும் டெட்லிஃப்ட் இரண்டையும் தொடங்க இந்த இடைவெளியைவிட நல்ல நேரம் கிடையாது. முதல் இரண்டு வாரம் தொடை வலியில் படியிறங்குவதே சிரமமாக இருக்கும். திட்டத்தின் நடுவில் தொடங்கினால் அந்த வலி முக்கியமான ஓட்டங்களைக் கெடுத்துவிடும். இப்போது வாரம் இரண்டு முறை செய்யுங்கள். புதிய திட்டம் தொடங்கியதும் ஒன்றாகக் குறைத்து, அதைக் கடுமையான ஓட்டத்துக்கு முந்தின நாளில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.