கேபின் படத்தை அப்புறம் பாருங்கள்

இந்தோனேசியாவில் கப்பலைக் ‘கபால்’ என்பார்கள். நம் ‘கப்பல்’தான் மலாய்க்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. அங்கே கொமோடோ தீவுகள், கிழக்கே பப்புவாவை ஒட்டிய ராஜா அம்பத் தீவுகள் பக்கம் ஓடும் ‘பினிசி’ என்ற மரக்கப்பல்களின் பெயருக்கு முன்னால் கே.எல்.எம். என்று எழுதியிருக்கும். ‘கபால் லாயர் மோட்டோர்’, அதாவது பாய்மரமும் இயந்திரமும் உள்ள கப்பல். சுலவேசியின் தென்கோடியில், கடற்கரை மணலிலேயே வைத்து இவற்றைக் கட்டுகிறார்கள். அந்தக் கைவேலையை 2017-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

இப்படியொரு கப்பலிலேயே தங்கிச் சில நாள் தீவுகளைச் சுற்றிவரும் பயணத்துக்கு ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்பவர்கள் முதலில் போனை நீட்டிக் காட்டுவது கேபின் படம். வெள்ளை விரிப்பு, துண்டை மடித்துச் செய்த அன்னம், வட்டச் சன்னல். முதல் தவறே அதுதான். கப்பலை முடிவு செய்துவிட்டு மாதத்தைத் தேடுகிறார்கள். ஒரே கப்பல் ஏப்ரலிலிருந்து கொமோடோவில் ஓடும், அக்டோபர் வாக்கில் கிழக்கே ராஜா அம்பத்துக்குப் போய்விடும். காற்று அப்படி. ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று வீசும்போது ராஜா அம்பத்தின் தெற்கே மிசோல் பக்கம் கடல் கொந்தளிக்கும். ஜனவரி, பிப்ரவரியில் கொமோடோவின் வாசலான லபுவான் பாஜோவில், அலை உயர்ந்தால் துறைமுக அதிகாரி கப்பலை விடவே மாட்டார். பள்ளி விடுமுறை மே மாதம் என்றால் கொமோடோ. கிறிஸ்துமஸ் லீவு என்றால் ராஜா அம்பத். தேதி முடிவாகிவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

அடுத்தது வரைபடம். ‘ஏழு நாளில் ராஜா அம்பத் முழுவதும்’ என்று யாராவது விற்றால் ஸ்கேலை எடுத்து வைத்துப் பாருங்கள். வடக்கே வயாக், தெற்கே மிசோல். நடுவில் 200 கிலோமீட்டருக்கு மேல் கடல். பினிசி மணிக்கு எட்டு, ஒன்பது கடல்மைல் போனாலே நல்ல வேகம். இரண்டையும் பார்க்கக் கிளம்பினால் இரவெல்லாம் இயந்திரச் சத்தத்தில் ஆடிக்கொண்டே தூங்க வேண்டும், பகலிலும் கொஞ்சம் ஓட்டமாகத்தான் இருக்கும். அந்த ஏழு நாளில் முதல் நாளும் கடைசி நாளும் ஏறுவதிலும் இறங்குவதிலும் பாதி போய்விடும். வடக்கோ தெற்கோ, ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பதே மேல் என்பது என் கட்சி.

‘சின்னக் கப்பல்’ என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். 2017 மார்ச் 4 அன்று ராஜா அம்பத்தின் கிரி தீவு அருகே பவளப்பாறையில் ஏறி நின்ற கேலிடோனியன் ஸ்கையும் அந்த வகையில்தான் விற்கப்பட்டது. 4,290 டன், 102 பயணிகள். பறவை பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், கடல் வற்றியிருந்த நேரத்தில் தட்டிவிட்டது. இழுத்து விடுவிக்கும் முயற்சியில் சேதம் இன்னும் கூடிப்போனது. பத்துப் பன்னிரண்டு பேர் போகும் பினிசியும் நூறு பேர் போகும் கப்பலும் ஒரே பட்டியலில் வரும். கரைக்கு இறங்குகையில் ஒரு சிறு படகுக்கு எத்தனை பேர், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது நீச்சலில். ராஜா அம்பத்தின் மீன்வளத்துக்கு ஒரு காரணம் நீரோட்டம். பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குத் தண்ணீர் இந்தத் தீவுகளுக்கு நடுவே பாய்கிறது. இரை வரும் திசையைப் பார்த்து மீன்கள் எதிர்த்து நிற்கின்றன. கிரி முனையில் ஒரே முக்குளிப்பில் 374 வகை மீன்களை எண்ணினார் ஜெரால்ட் ஆலன் என்ற மீனியல் அறிஞர். மீனுக்கு விருந்தான அதே ஓட்டம், நீச்சல் தெரியாதவரை இரண்டு நிமிடத்தில் கப்பலிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். பெரும்பாலான கப்பல்களின் நேர அட்டவணை, காற்றுச் சிலிண்டர் கட்டி ஆழத்தில் இறங்கும் ஸ்கூபா போடுபவர்களுக்காகவே போடப்பட்டது. ‘ஸ்நார்க்கல் பண்ணலாம்’, அதாவது குழாயில் மூச்சுவிட்டபடி மேலே மிதந்து பார்க்கலாம், என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதாது. ஸ்நார்க்கல் கோஷ்டிக்குத் தனி வழிகாட்டி உண்டா, தனிப் படகு கூடவே வருமா, ஓட்டம் இல்லாத நேரம் பார்த்து இறக்குவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கப்பல் பாருங்கள். ஸ்கூபா போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பல நாள் முக்குளித்தபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள்.

மரக்கப்பலில் கேட்கவே வேண்டிய, ஆனால் யாருமே கேட்காத கேள்வி தீயைப் பற்றியது. 2019 செப்டம்பரில் கலிபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற முக்குளிப்புக் கப்பல் அதிகாலையில் எரிந்து, கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேர் இறந்தார்கள். அங்கிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் போய்ச் சேர்ந்தது தீப்பிடித்த அதே அறைக்கு. இரவில் சுற்றிப் பார்க்க ஆள் போட்டிருக்கவில்லை. ஆகவே கீழ்த்தள கேபினிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே திறக்கிறது, புகை உணரும் கருவி இருக்கிறதா, இரவுக்காவல் யார், கேமரா, விளக்கு பேட்டரிகளை எங்கே சார்ஜ் போடுவார்கள் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஏறிய முதல் மாலையே அந்த இரண்டாவது வழியில் ஒருமுறை ஏறி வெளியே வந்து பாருங்கள். வயிறு இடித்தாலும் பரவாயில்லை.

விலையில் எது அடக்கம், எது அடங்காது என்பது வழக்கமான தலைவலிதான். கடல் காப்பகக் கட்டணம், முக்குளிப்பு உடை வாடகை, எரிபொருள் கூடுதல், டிப்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். மலேரியா உள்ள பகுதி என்பதால் ராஜா அம்பத்துக்கு முன் டாக்டரைப் பார்ப்பது அவசியம். ஜகார்த்தாவிலிருந்து, ராஜா அம்பத் கப்பல்கள் கிளம்பும் சோரோங்கிற்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறப்பு. கப்பல் கிளம்பும் நாளன்றே போய் இறங்கும்படி டிக்கெட் போட்டுவிட்டு, விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. முந்தின நாளே போய்விடுங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒன்று. ‘வெஜிடேரியன்’ என்று படிவத்தில் எழுதியதும் மீனையும் கோழியையும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் தெராசி இருக்கும். இறாலைப் புளிக்க வைத்து அரைத்த விழுது, வாசனையிலேயே தெரியும். சமையல்காரர் அதை அசைவக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, நம் வீட்டில் பெருங்காயம் மாதிரி. ‘தன்பா தெராசி’, தெராசி இல்லாமல், என்று ஒரு சீட்டில் எழுதி முதல் நாளே சமையலறையில் கொடுத்துவிடுங்கள். மற்றபடி டெம்பே (சோயாவைப் புளிக்க வைத்த கட்டி) வறுவலும் சோறும் அருமையாக இருக்கும்.