டெக்சாஸில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லப் பழகுவோருக்கு

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் உரிமமின்றியே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். ஆனால் எச்1பி (பணி), எஃப்1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே, வேட்டை உரிமம் பெற்றிருத்தல் போன்ற சில விலக்குகள் தவிர, கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டு பெற்றவருக்கு அத்தடை இல்லை. நண்பருடைய துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்க்கலாமே என்று நினைக்கும் நம்மவர்கள் முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கட்டாயமில்லை என்றாலும் மாநில உரிமத்தைப் பெறுவதே நல்லது. அதற்கான 4 முதல் 6 மணி நேர வகுப்பில் சட்டமும் பாதுகாப்பும் கற்பிக்கப்படுகின்றன. சுடும் தேர்வும் உண்டு. மேலும், பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் பொதுவிடத்தில் துப்பாக்கியுடன் செல்வதற்கு எதிரான கூட்டரசுச் சட்டம், அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்கு அளிக்கிறது. எனினும் உரிமம் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடாது: அங்கேயே அருந்தும் மதுவின் விற்பனையிலிருந்து வருவாயில் 51 விழுக்காடோ அதற்கு மேலோ பெறுவதைக் குறிக்கும், 51% என்ற சிவப்பு அறிவிப்புள்ள மதுக்கூடங்களுக்குள் உரிமதாரரும் துப்பாக்கியுடன் நுழையக் கூடாது.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையைப் பலர் அதன் உறையில் காட்டுவதில்லை. என் கருத்தில் உறையே முதன்மையானது. சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசைப் பகுதியை முழுவதும் மூடுவதாகவும், துப்பாக்கியை எடுத்த பின்னும் வாய் சுருங்காததாகவும், தடித்த இடைவாரில் அசையாமல் நிற்பதாகவும் அது இருக்க வேண்டும். துப்பாக்கியைத் திரும்ப உறையில் செருகும்போது சட்டையின் ஓரமோ நாடாவோ விசையில் சிக்கி வெடித்துவிடக்கூடும் என்பதால், விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்து, கண்ணால் பார்த்து, மெதுவாகச் செருக வேண்டும். அங்கே அவசரத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. கைப்பையில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் பையைப் பறிப்பவனுக்குத் துப்பாக்கியும் சேர்ந்தே கிடைத்துவிடும்.

உறையிலிருந்து எடுக்கும் பயிற்சியைப் பயிற்றுநரிடம் கற்ற பிறகு, வீட்டில் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கிக்குள் தோட்டா அமரும் இடம் காலியாக இருப்பதை இருமுறை சோதித்த பின்பே தொடர வேண்டும்.

உயிர்போக்கும் வலிமையைப் பயன்படுத்தலாமா என்பது, உடனடி ஆபத்தைத் தடுக்க அது தேவை என்று நியாயமாக நம்ப இடமிருந்ததா என்ற கேள்வியைப் பொறுத்தது. நாமே சீண்டித் தொடங்கிய சண்டையில் தற்காப்புக்கான அந்தச் சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் கைகொடுக்காது. ஆகவே துப்பாக்கியுடன் வெளியே செல்பவர் வாகன நிறுத்துமிடத் தகராறுகளிலிருந்து மற்றவரைவிட விரைவாக ஒதுங்கிச் செல்லப் பழக வேண்டும். மது அருந்தும் நாளில் துப்பாக்கியை எடுத்துச் செல்லவே கூடாது. இடுப்பிலிருந்து கழற்றியவுடன் அது பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும், ஏனெனில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி சிறுவர் கைக்கு எட்டும்படி கவனக்குறைவாக விடப்படுவது டெக்சாஸில் தனிக் குற்றமாகும்.