ஜம்பிள் நோட்டு: நான் செய்த தவறுகள் உங்களுக்கு வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். கலைத்துப் போட்ட ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் சொல் கண்டுபிடிக்கும் ஜம்பிள் புதிரை விடுவிப்பது, அகராதியில் பொருள் பார்ப்பது, நோட்டில் ஏற்றுவது என்று ஒரு மணி நேரம் போகும். பல வருஷமாக இதே கிறுக்கு பிடித்தவன் என்பதால் நானும் போய் உட்காருவேன். உட்கார்ந்து பார்த்தால், நான் செய்த கோமாளித்தனம் ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் அவர்கள் செய்துகொண்டிருப்பார்கள்.

ஒரே எழுத்தை இரண்டு முறை போடுவது, ஓர் எழுத்தை விட்டுவிடுவது எல்லாம் இங்கே வேண்டாம். நான்கு நாளில் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றைச் சொல்கிறேன்.

கொடுத்த வரிசையையே முறைத்துப் பார்ப்பது

புதிர் தயாரிப்பவர் எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுவதில்லை. கலைந்ததே ஏதோ சொல் மாதிரி ஒலிக்கும்படி அடுக்குவார். அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டால் தொலைந்தோம், அந்த ஒலியிலிருந்து மனசு வெளியே வராது. எழுத்துகளை வட்டமாக எழுதுங்கள். ஆரம்பம் எது, முடிவு எது என்று தெரியாமல் போனால்தான் கண் தேட ஆரம்பிக்கும்.

'ஐ-என்-ஜி' மோகம்

இந்த மூன்றும் கண்ணில் பட்டால் உடனே பிரித்து வால்பகுதியில் ஒட்டிவிடுகிறோம். ஆறு எழுத்து: ஆர், ஈ, ஜி, ஐ, ஓ, என். வாலை ஒட்டிவிட்டால் மிச்சம் ஈ, ஆர், ஓ. அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டினாலும் ஒன்றும் தேறாது. விடை 'ரீஜன்'. இன்னொரு விடை 'இக்னோர்'. பின்னொட்டைத் தேடுவது நல்ல பழக்கம்தான். இரண்டு நிமிடத்தில் பலிக்கவில்லை என்றால் உடைத்துப் போட வேண்டும்.

ஒலிக்காத எழுத்தை மறப்பது

இது குறிப்பாக நம் ஆட்களுக்கு. எழுதியதையெல்லாம் படித்துப் பழகிய நாக்கு நமக்கு. 'நைட்' என்ற வீரனைக் கலைத்துக் கொடுத்தால் 'கே' என்ற எழுத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். கே-என், டபிள்யூ-ஆர் என்று தொடங்குபவை, எம்-பி என்று முடிபவை, நடுவில் ஜி-ஹெச் ஒளிந்திருப்பவை என்று ஒரு பக்கம் தனியாகப் பட்டியல் போட்டு வையுங்கள். எனக்கு அந்த ஒரு பக்கம் ஓர் அகராதி அளவுக்கு உதவியிருக்கிறது.

முதல் விடையோடு எழுந்துவிடுவது

'லிசன்' கிடைத்ததா? 'சைலன்ட்', 'என்லிஸ்ட்', 'டின்சல்', 'இன்லெட்ஸ்' இன்னும் உள்ளேயே இருக்கின்றன.

இரட்டைச் சொற்களை ஒரே நாளில் படிப்பது

இதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

ஒரே எழுத்துகளில் இரண்டு சொற்கள் கிடைக்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். 'ஏஞ்சல்', 'ஆங்கிள்'. 'டைரி', 'டெய்ரி'. 'சேக்ரட்', 'ஸ்கேர்ட்'. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்து நானும் ஒரு நோட்டுப் போட்டேன். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் அதன் ஜோடி, கீழே இரண்டுக்கும் ஒற்றைச் சொல்லில் தமிழ்ப் பொருள். இரண்டு வருஷத்தில் நானூறு ஜோடி சேர்ந்தது. அந்த நோட்டைக் காட்டாத விருந்தாளி கிடையாது.

அப்போது நான் ஒரு பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். தலைமை ஆசிரியர் ஓய்வு பெறும் விழா. சிறப்பு விருந்தினருக்குத் தமிழ் தெரியாது என்பதால், "நீதான் இங்கிலீஷ் நோட்டெல்லாம் வச்சிருக்கியே, நாலு வார்த்தை பேசு" என்று என்னை ஏற்றிவிட்டார்கள். எங்கள் தலைமை ஆசிரியரை நாங்கள் எல்லாரும் போற்றி வணங்குகிறோம் என்று சொல்ல வேண்டும். 'வெனரேட்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதே எட்டு எழுத்தைக் கலைத்தால் 'எனர்வேட்' என்று இன்னொன்று வரும். அதற்குப் பொருள் பலத்தை உறிஞ்சிச் சோர வைப்பது. என் நோட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கும்மியடித்துக்கொண்டிருந்தன.

"வி ஆல் எனர்வேட் அவர் ஹெட்மாஸ்டர்" என்று மைக்கில் முழங்கினேன்.

முன்வரிசையில் ஆங்கில ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். தலைமை ஆசிரியர் ஏற்புரையில், "தம்பி சரியாத்தான் சொன்னாரு. இத்தனை வருஷமா நீங்க எல்லாரும் எனக்குச் செஞ்சது அதுதான்" என்றார். கூட்டம் சிரித்தது. விஷயம் தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். ராத்திரி வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டியபோதுதான் காது சூடானது.

அவமானம் ஒரு வாரத்தில் போய்விட்டது. நானூறு ஜோடியில் எதையும் அதன் பிறகு நம்ப முடியவில்லை என்பதுதான் பெரிய நஷ்டம். இன்னின்ன இரண்டும் ஜோடி என்பது மட்டும் கல்வெட்டு மாதிரி பதிந்திருந்தது. எந்தப் பொருள் எந்தச் சொல்லுக்கு என்பது பதியவே இல்லை. முன்பின் பார்க்காத இரட்டைப் பிள்ளைகளை ஒரே நாளில் அறிமுகம் செய்துவைத்தால் ராமன் யார், லட்சுமணன் யார் என்று எப்படித் தெரியும்? 'யுனைட்டட்' என்றால் ஒன்றுபட்டது, 'அன்டைட்' என்றால் அவிழ்ந்தது. எழுத்து ஒன்றுதான், பொருளோ எதிரும் புதிருமானது. விண்ணப்பத்தில் திருமண நிலையைக் கேட்கும் 'மேரிட்டல்' என்ற கட்டத்தை நம் பிள்ளைகள் 'மார்ஷியல்' என்று எழுதிப் போர்க்களம் ஆக்குவதும் இதே கதைதான். ஒருவகையில் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான், விடுங்கள்.

ஆகவே ஒன்றை மட்டும் படியுங்கள். அதன் ஜோடியை ஒரு துண்டுத்தாளில் எழுதி நோட்டின் கடைசியில் செருகிவிட்டு, பத்து நாள் கழித்து எடுங்கள். அதற்குள் முதல் சொல்லை உங்கள் வாக்கியத்தில் நான்கைந்து முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். எதிரே ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதுவதை அறவே விடுங்கள். 'எனர்வேட்' லத்தீனிலிருந்து வந்தது. நரம்பை உருவி எடுப்பது என்பதுதான் அதன் மூலப்பொருள். கத்திரி வெயிலில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு மணி நேரம் போய் இறங்கும்போது உடம்பு எப்படி இருக்கும்? நோட்டில் அதை எழுதுங்கள். 'எனர்ஜி' மாதிரி ஒலிக்கிறதே, தெம்பு தருவதாக இருக்கும் என்று ஊகிக்கிற ஆட்களும் இதோடு தப்பித்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் சொல்லியும், போன வாரம் ஒரு பையன் புது நோட்டோடு வந்தான். இடப்பக்கம் நீல மை, வலப்பக்கம் சிவப்பு மை. யாரோ பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் அவனிடம் பேச முடிந்தது.

மதிப்பெண்ணைச் சொல்லறிவு என்று எண்ணுவது

ஜம்பிளிலிருந்து ஸ்கிராபிளுக்கு, அதாவது எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் சேர்த்து மதிப்பெண் எடுக்கும் ஆட்டத்துக்கு, தாவுகிறவர்களுக்கு இது. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை ஒன்பது வாரம் போல மனப்பாடம் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். 2024-இல் ஸ்பானிஷிலும் அதேபோல வென்றார். அவர் மேதை, ஆட்டத்தை ஆட வந்தவர், ஜெயித்தார். நமக்கு நாளைக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது.

அந்தப் பலகையை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் கணக்குப் போட்டார். 100 கட்டைகளில் 'ஈ' 12, 'க்யூ' ஒன்றே ஒன்று. அரிதான எழுத்துக்கு மதிப்பெண் அதிகம். அதனால் 'க்யூ-ஐ' என்ற இரண்டெழுத்துச் சொல்லைப் போட்டு அள்ளலாம். அள்ளுங்கள். நோட்டில் ஏற்றாதீர்கள்.

விடை சொல்லும் ஆப்

கால் மணி நேரத்துக்கு முன்னால் திறக்காதீர்கள்.

பேனாவில் எழுதுவது

பென்சில்.