ஆற்றங்கரைக் காட்டில் எதை வெட்டலாம், எதை விடலாம்: காவிரிக் கரைக்கு ஒரு வழிகாட்டி

ஒகேனக்கல்லைச் சுற்றிய காடுகளிலும் அதற்குக் கீழே சமவெளியின் படுகைகளிலும் தோப்புகளிலும், காவிரியின் கரையை நீர்மருதும் புங்கனும் நாவலும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தடிக்கும் விறகுக்கும் மருதம்பட்டைக்கும் இந்த மரங்களை நம்பியிருப்பவர்கள் உண்டு. சாம்பல் நிற அணில், நீர்நாய், மீன் ஆந்தை ஆகியவற்றுக்காக இவற்றில் கை வைக்கவே கூடாது என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் கரைக்காட்டை ஒரே துண்டாகப் பார்ப்பதாலேயே சச்சரவு முற்றுகிறது என்பது என் கருத்து. தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துக் காட்டை ஆற்றுக்கு இணையான மூன்று பட்டைகளாகப் பிரித்து, அதன்பின் ஒவ்வொரு மரமாக முடிவெடுத்தால் பெரும்பாலான கேள்விகளுக்குக் களத்திலேயே விடை கிடைத்துவிடும்.

நிலம் யாருடையது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2022இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வணிகத்துக்காக மரம் வெட்டும் பேச்சுக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிக்காது. காப்புக்காட்டில், 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைக்குப் பிறகு, அந்தக் காட்டுக்கென்று வகுத்து மத்திய அரசு ஒப்புதல் அளித்த செயல்திட்டத்தின்படி மட்டுமே மரம் வெட்ட முடியும். ஆற்றுப் புறம்போக்கில் நிற்கும் மரத்துக்கு 2சி பட்டா, அதாவது நிலத்துக்கு இல்லாமல் மரத்துக்கு மட்டும் தரும் பட்டா, வைத்திருப்பவர் அதன் பலனை அனுபவிக்கலாமே தவிர, தம் விருப்பத்துக்கு அதை வெட்டிவிட முடியாது. எனவே இனி வரும் யோசனைகளில் அறுவடை பற்றியவை பெரும்பாலும் பட்டா நிலத் தோப்புகளுக்கே பொருந்தும். அங்கும் எந்த மரத்தை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் என்னென்ன அனுமதி வேண்டும் என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது அளவெடுப்பு. சித்திரையில் தண்ணீர் இறங்கிக் கிடக்கும் விளிம்பிலிருந்து அளக்கத் தொடங்கினால் கணக்கு முழுவதும் தவறிப்போகும். வெள்ளம் ஏறிய உயரத்தைக் கரையே காட்டிக்கொடுக்கும். கிளைக் கவைகளில் சிக்கிக் காய்ந்து தொங்கும் நாணல் தட்டைகள், அடிமரத்தில் வண்டல் படிந்த கோடு, மண் அரிக்கப்பட்டு வெளியே தெரியும் வேர்கள் ஆகியவற்றை வைத்து வெள்ளக் கோட்டைக் கண்டு, அங்கே முளைக்குச்சி அடித்து, அதிலிருந்து நிலத்தின் பக்கமாக அளக்க வேண்டும்.

வெள்ளக் கோட்டுக்குக் கீழுள்ள சரிவும், அக்கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் முழுதாக வளர்ந்த ஒரு நீர்மருதின் உயரம் அளவுள்ள அகலமும் முதல் பட்டை. இதில் அரிவாளே படக்கூடாது. நீரின் மீது நிழல் விழுவதும், அத்திப்பழமும் சருகும் ஆற்றில் விழுந்து மீனுக்கு இரையாவதும், வேர் கரையைப் பிடித்து நிற்பதும் இந்த அகலத்துக்குள்தான் நடக்கின்றன. இங்கே சாய்ந்து விழுந்த மரத்தைக்கூட, மதகையோ படித்துறையையோ அடைக்காத வரையில், அப்படியே விட்டுவிட வேண்டும். அதன் அடியில் மீன் ஒதுங்கும், வேர்ப்பொந்தில் நீர்நாய் தங்கும். தோப்புக்காரருக்கு இது இழப்பாகத் தோன்றலாம். ஆனால் கரை உடைந்து மண்ணும் மரமும் சேர்ந்து ஆற்றோடு போவதைப் பார்த்தவருக்கு இந்தப் பட்டையின் விலை தெரியும்.

முதல் பட்டையை அடுத்து நிலத்தின் பக்கம் உள்ள இரண்டாம் பட்டையில்தான் கவனமும் பொறுமையும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. இங்கே மொத்தமாக வெட்டக்கூடாது, தேர்ந்தெடுத்து வெட்டலாம். மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் அளந்து எண்ணிட்டுப் பதிவு செய்யுங்கள். மரம் வாங்குபவர் வருவதற்கு முன்பே, தோப்புக்காரரும் வனப் பணியாளரும் பறவை, விலங்கு அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் சேர்ந்து நடந்து குறியிட வேண்டும். வெட்ட நினைக்கும் மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். சாம்பல் நிற அணில் பெரும்பாலும் தரையில் இறங்காமல் கிளைக்குக் கிளை தாவிச் செல்லும் உயிர். பக்கத்து மரங்களின் கிளைகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் கூடு கட்டும். அந்த மரம் போனபின் இரு பக்கத்துக் கிளைகளும் எட்டாத இடைவெளி விழும் என்றால் குறியிடக் கூடாது. கூடு இருந்தால் அந்த மரத்தோடு அதைச் சூழ்ந்த மரங்களையும் விட்டுவிட வேண்டும். பொந்து விழுந்த கிழமரத்துக்குச் சந்தையில் விலை குறைவு, காட்டிலோ அதற்கு மதிப்பு அதிகம். ஆதலால் அதை விட்டுவைப்பதில் இரு தரப்புக்கும் இடையே பூசல் வர வேண்டியதில்லை. நன்றாகக் காய்த்து விதை தரும் தாய்மரங்களும் நிற்கட்டும்.

வெட்டும் மரத்தை ஆற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சாயுமாறு வெட்ட வேண்டும். அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கக் கூடாது. வேர் மண்ணைப் பிடித்திருக்கும், நீர்மருதும் புங்கனும் கட்டையிலிருந்தே மறுபடி தழைக்கும். தடிகளைச் சரிவின் குறுக்காக, ஏற்கெனவே உள்ள ஒரே தடத்தில் இழுத்துச் செல்லுங்கள். மேலிருந்து கீழாக இழுத்த தடம் அடுத்த மழையில் ஓடையாகிவிடும்.

மருதம்பட்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெட்டாமலேயே மரத்தைக் கொல்லும் வேலை இதில்தான் நடக்கிறது. அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். ஒரு பக்கத்தில் மட்டும் மேல்கீழாக நீளவாக்கில், உள்ளே உள்ள மரத்தில் காயம் படாமல் வெளிப்பட்டையை எடுத்து, உரித்த இடம் முழுமையாக மூடிய பிறகே மறுபக்கத்துக்குப் போக வேண்டும். மூங்கிலிலும் இதே நிதானம் வேண்டும்: இந்த ஆண்டுக் குருத்தையும் சென்ற ஆண்டுக் கழியையும் தொடாமல், முற்றிய கழிகளைப் புதரின் பல பக்கங்களிலிருந்தும் எடுக்கலாம். காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கில், 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்திய வனச் சட்டத்தில் மரம் என்ற வரையறைக்குள் வருவதில்லை.

இரண்டாம் பட்டைக்கு அப்பால் உள்ள மூன்றாம் பட்டை வருமானத்துக்கானது. சவுக்கு, மலைவேம்பு, தேக்கு எல்லாம் இங்கே வரட்டும். தஞ்சைப் பகுதியில் வாய்க்கால் கரைகளில் வனத்துறை வளர்த்த தேக்கு நல்ல தடி தந்திருக்கிறது. ஆனாலும் தேக்கைத் தனியாக ஆற்றோரம் வைக்க நான் சொல்லமாட்டேன். அதன் அகன்ற இலையில் திரண்டு பெரிய துளியாக விழும் மழைநீர், கீழே புல்லும் புதரும் இல்லாவிட்டால், மண்ணைக் கரைத்துவிடும். சவுக்கை ஒரே ஆண்டில் மொத்தமாக நட்டு மொத்தமாக வெட்டுவதைவிட, நிலத்தை நான்கு பாகமாக்கி ஆண்டுக்கு ஒரு பாகம் வெட்டினால் வருமானமும் தொடர்ந்து வரும், கரையை ஒட்டிய நிலமும் ஒருசேர மொட்டையாகாது.

எந்த மாதம் வெட்டுவது என்பதில் இரு தரப்பு நலன்களும் நேருக்கு நேர் மோதுகின்றன. தென்மேற்குப் பருவத்தில் மேலேயிருந்து வெள்ளம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கேயே மழை பெய்யும். வெயில் ஏறினால் வேலைக்கு வசதி, ஆனால் மேல்காவிரிக் காடுகளில் யானைகள் தண்ணீருக்காக ஆற்றுக்கு இறங்குவதும் அப்போதுதான். ஆகவே காட்டை ஒட்டிய நிலங்களில் தை, மாசிக்குள் வேலையை முடித்துவிடுவதே நல்லது. மாலை வெளிச்சம் மங்குமுன் ஆட்கள் கரையைவிட்டு ஏறிவிட வேண்டும்.

சீமைக்கருவேலத்தை அகற்றும்போது மேட்டு நிலத்தில் வேரோடு பிடுங்கலாம். கரைச்சரிவில் ஜேசிபி இறக்கி ஒரே நாளில் வழித்தெடுத்தால் அடுத்த வெள்ளத்தில் கரையும் சேர்ந்து போகும். சரிவில் அதைத் தரையோடு வெட்டி, இடையிடையே நாற்று நட்டு, அவை வேர் பிடித்தபின் மிச்சத்தை எடுக்க வேண்டும். முதல் பட்டையில் அரிவாள் படக்கூடாது என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு. நீரை ஒட்டி நாணல், தாழை, நொச்சி, ஆற்று வஞ்சி; சற்று மேலே நீர்மருது, நீர்க்கடம்பு, புங்கன், நாவல்; மேட்டில் இலுப்பையும் புளியும் என்று, அதே கரையில் பொறுக்கிய விதையிலிருந்து வளர்த்த நாற்றுகளை, வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நடுங்கள். ஆடுமாடு மேய்ந்தால் எத்தனை நட்டாலும் நிற்காது. மேய்ப்பவர்களோடு பேசி, கால்நடைகள் தண்ணீருக்கு இறங்க ஒரு வழியை விட்டு, மற்ற இடத்தை முள்படல் கொண்டு அடைக்க வேண்டும்.

ஒவ்வொரு வெள்ளமும் வடிந்த பிறகு, குறியிட்ட அதே மூவரும் பதிவேட்டோடு மறுபடி நடந்து, எந்த முளைக்குச்சி ஆற்றோடு போயிற்று, எந்த மரம் சாய்ந்தது, எந்த நாற்று தங்கியது என்று பார்த்து, வெள்ளக் கோடு உள்ளே நகர்ந்திருந்தால் மூன்று பட்டைகளையும் அந்தக் கோட்டிலிருந்து புதிதாக அளந்து, அதன்பிறகே அடுத்த ஆண்டுக்கான குறிகளை இட வேண்டும்.