சாவி, பை, பெட்டி: டிராக்கர் டேக் பயன்படுத்துவது எப்படி?

சாவியிலோ பையிலோ மாட்டிவிட்டு, தொலைந்தால் போனில் தேடிக் கண்டுபிடிக்க உதவும் சின்னக் கருவிதான் டிராக்கர் டேக். அதை வாங்குகிற பலர் அதற்குள் ஜிபிஎஸ் இருக்கிறது என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள். கிடையாது. சிம்மும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. அதனால்தான் மாதச் சந்தா எதுவும் கட்டாமல் ஒரு பட்டன் பேட்டரியிலேயே அது மாதக்கணக்கில் ஓடுகிறது. அது செய்வது ஒரே வேலைதான்: விட்டுவிட்டு ஒரு ப்ளூடூத் சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போகிற யாரோ ஒருவருடைய போன் அதைப் பிடித்து, தான் இருக்கும் இடத்தைப் பூட்டுப் போட்ட தகவலாக சர்வருக்கு அனுப்பும். அது உங்கள் போனில் மட்டும் திறந்து, மேப்பில் புள்ளியாகத் தெரியும். அனுப்பிய போன்காரருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

ஆக, டேக் வேலை செய்வது ஊராருடைய போன்களை நம்பி. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் விட்ட பை சீக்கிரம் தெரிந்துவிடும். தென்னந்தோப்பில் விழுந்த சாவி, அந்தப் பக்கம் யாராவது போனோடு வரும்வரை தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்போம்.

படி 1: உங்கள் போனுக்கு ஏற்ற டேக்கை வாங்குங்கள்

ஐபோன் என்றால் அட்டைப்பெட்டியில் ‘ஆப்பிள் ஃபைண்ட் மை’ என்று இருக்க வேண்டும். 2021இல் வந்த ஏர்டேக் இந்த வகை. ஆண்ட்ராய்டு என்றால் ‘கூகுள் ஃபைண்ட் ஹப்’ என்று பாருங்கள். 2025 மே மாதம் வரை இதன் பெயர் ‘ஃபைண்ட் மை டிவைஸ்’. பழைய ஸ்டாக்கில் அப்படித்தான் அச்சாகியிருக்கும், இரண்டும் ஒன்றே. மோட்டோ டேக், ஜியோடேக் கோ இந்த வகை. சாம்சங் ஸ்மார்ட்டேக் 2 தனி ரகம்: கேலக்ஸி போன் இருந்தால்தான் சேரும், ரெட்மி வைத்திருப்பவருக்குப் பயனில்லை. இரண்டு பக்கமும் ஓடும் என்று விற்கிற டேக்குகளும், ஒரு நேரத்தில் ஒரு நெட்வொர்க்கில்தான் இருக்கும்.

இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிற டேக்குகளை வாங்குமுன் ஒன்றை மட்டும் பாருங்கள். அவை தங்கள் சொந்த ஆப்பில் மட்டும் ஓடுகிறவை என்றால், அதே ஆப் வைத்திருக்கும் போன்தான் அவற்றைப் பார்க்கும். அப்படி எத்தனை பேர் தெருவில் போவார்கள்? சோபா இடுக்கில் கிடக்கும் சாவியைத் தேட அது போதும். வெளியே தொலைந்ததைத் தேட நான் அதை நம்ப மாட்டேன்.

படி 2: போனோடு இணையுங்கள்

ப்ளூடூத், லொகேஷன் இரண்டையும் ஆன் செய்யுங்கள். பேட்டரியை மறைத்து நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் தாளை இழுத்து எடுங்கள். டேக் ‘கீங்’ என்று ஒரு சத்தம் போடும். போனுக்குப் பக்கத்தில் வைத்தால் திரையில் தானாக ஒரு பெட்டி எழும்பும். ‘கனெக்ட்’ தட்டி, பெயர் வையுங்கள். ‘டேக் 1’ என்று வைக்காமல் ‘ஸ்கூட்டி சாவி’, ‘நீலப் பெட்டி’ என்று வைத்தால் பதற்றத்தில் தேடும்போது குழப்பம் வராது.

ஆண்ட்ராய்டில் போனுக்கு பின் நம்பரோ பேட்டர்னோ கட்டாயம் போட்டிருக்க வேண்டும். டேக்கின் இடத் தகவலைத் திறக்கும் சாவியே அதுதான். போன் மாற்றினால் பழைய போனின் பின் நம்பரைக் கேட்கலாம், மறந்துவிடாதீர்கள்.

படி 3: ஆண்ட்ராய்டுக்காரர்கள் இந்த ஒரு செட்டிங்கை மாற்றுங்கள்

‘டேக் வாங்கினேன், ஒன்றுமே காட்டவில்லை’ என்று புலம்புகிறவர்களுடைய பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ஃபைண்ட் ஹப் நெட்வொர்க்கில், ஒரே ஒரு போன் டேக்கைப் பார்த்தால் இடத்தைச் சொல்லாது. பல போன்கள் பார்த்த பிறகு, அவற்றைச் சேர்த்துத்தான் சொல்லும். ஒருவரை இன்னொருவர் ரகசியமாகப் பின்தொடரக்கூடாது என்பதற்காக கூகுள் வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு இது. நியாயமான காரணம்தான். ஆனால் கூட்டமில்லாத தெருவில் டேக் ஊமையாகிவிடுகிறது.

செட்டிங்ஸ், பிறகு கூகுள், அதற்குள் ஃபைண்ட் ஹப் போங்கள். ‘ஃபைண்ட் யுவர் ஆஃப்லைன் டிவைசஸ்’ என்பதைத் திறந்தால் ‘ஹை டிராஃபிக் ஏரியாஸ் ஒன்லி’ என்று தேர்வாகியிருக்கும். அதை ‘ஆல் ஏரியாஸ்’ என்று மாற்றுங்கள். அப்போது உங்கள் போன் தனியாகப் பார்த்த டேக்கையும் நெட்வொர்க்குக்குச் சொல்லும். வீட்டில் இருப்பவர்களுடைய போன்களிலும், முடிந்தால் கடை ஊழியர்கள் போன்களிலும் இதையே செய்துவிடுங்கள். ஐபோனில் இந்தத் தலைவலி இல்லை.

படி 4: எங்கே வைப்பது?

சிக்னலுக்கு இரும்பு எதிரி. ஸ்டீல் பீரோவுக்குள்ளோ எவர்சில்வர் டப்பாவிலோ டேக் இருந்தால் பக்கத்து அறைக்குக்கூடச் சிக்னல் வராது. பையில் வைப்பதென்றால் உள் ஜிப்பில், துணிக்குப் பின்னால். சாவிக்கு வளையத்தோடு ஒரு கவர் வாங்குங்கள். ஏர்டேக்கில் கோர்க்கத் துளையே கிடையாது.

நாய், பூனையின் கழுத்துப்பட்டையில் மாட்டலாமா என்று கேட்பார்கள். ஏர்டேக் பொருட்களுக்கு மட்டும்தான் என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. தெருவுக்குள் சுற்றும் பூனைக்கு ஓரளவு உதவும், ஓடுகிற நாயைத் துரத்திப் பிடிக்க உதவாது.

ஒரு சாவியை வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றி எடுத்துப்போனால், டேக்கை ஆப்பிலேயே மற்றவருக்கும் பகிர்ந்துவிடுங்கள். இல்லையென்றால் மனைவி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனதும், ‘யாருடைய டேக்கோ உங்களோடு பயணிக்கிறது’ என்று அவருடைய போன் பயமுறுத்தும்.

படி 5: தொலைவதற்கு முன்பே ஒருமுறை தேடிப் பாருங்கள்

வீட்டில் யாரையாவது ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். ஆப்பில் ‘ப்ளே சவுண்ட்’ தட்டுங்கள். சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறது, மெத்தைக்கு அடியில் இருந்தால் எப்படிக் கேட்கிறது என்று காதுக்குப் பழக வேண்டும். ஏர்டேக்கும் ஐபோன் 11 அல்லது அதற்குப் பிந்தைய பெரும்பாலான மாடல்களும் இருந்தால், அம்புக்குறி போட்டு இத்தனை மீட்டர் என்று திசையோடு காட்டும்.

அப்புறம் மேப்பைப் படிக்கப் பழகுங்கள். புள்ளி காட்டுவது, டேக்கைப் பார்த்த போன் நின்ற இடத்தை. பத்து இருபது மீட்டர் தள்ளியிருக்கலாம். புள்ளியைவிட அதற்குக் கீழே இருக்கும் நேரம் முக்கியம். ‘இப்போது’ என்பதற்கும் ‘4 மணி நேரம் முன்பு’ என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சென்னையிலிருந்து வந்து திண்டுக்கல்லில் இறங்கிவிட்டீர்கள், பை பெர்த்துக்கு அடியிலேயே இருந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி கொடைரோட்டில் ஒருமுறை, சோழவந்தானில் ஒருமுறை என்று நகர்ந்தால் பை ரயிலோடுதான் போகிறது. உடனே ரயில்வே உதவி எண் 139க்கு அடித்து வண்டி எண், கோச், பெர்த் மூன்றையும் சொல்லுங்கள். மதுரை ஜங்ஷனை விட்டு வெளியேறி பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நகர்ந்தால் யாரோ எடுத்துப்போகிறார்கள். அப்போது ரயில்வே போலீஸிடம் போங்கள். போனைப் பிடித்துக்கொண்டு நீங்களே துரத்த வேண்டாம்.

படி 6: தொலைந்ததும் ‘லாஸ்ட்’ போடுங்கள்

ஆப்பில் தொலைந்ததாகக் குறிக்கும் வசதி இருக்கிறது. ஐபோனில் ‘லாஸ்ட் மோட்’. போன் நம்பரும் ஒரு வரிச் செய்தியும் அதில் எழுதலாம். கண்டெடுத்தவர் ஏர்டேக்கைத் தன் போனோடு ஒட்டிவைத்தால் (என்எஃப்சி, அதாவது ஒட்டிவைத்தால் தகவலைப் படிக்கும் வசதி, உள்ள ஆண்ட்ராய்டாக இருந்தாலும் சரி) அந்தச் செய்தி திறக்கும். செய்தியைத் தமிழிலும் எழுதுங்கள். பையை எடுக்கிறவர் ஆட்டோக்காரராகவோ டீக்கடைக்காரராகவோ இருக்கலாம்.

விமானத்தில் போடும் பெட்டிக்கு டேக் மிகவும் பொருத்தம். விமான நிலையம் முழுக்கப் போன்கள்தானே. 2022 அக்டோபரில் ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சா ஏர்டேக்குக்குத் தடை என்று சொல்லிவிட்டு, சில நாட்களிலேயே பின்வாங்கியது. பட்டன் செல்லில் இருக்கும் லித்தியம் மிகக் குறைவு, ஆபத்தில்லை. பெட்டி பெல்ட்டில் வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் பேகேஜ் கவுன்டரில் புகார் பதிந்து நம்பர் வாங்குங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 18.2 முதல் பெட்டியின் இடத்தை ஒரு லிங்க்காக விமான நிறுவனத்துக்கே அனுப்பலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் வாங்கிக்கொள்கின்றன. லிங்க் ஏழு நாளில் தானாகக் காலாவதியாகும்.

பைக் திருட்டுக்கு உதவுமா?

பாதிதான். அடுத்தவருடைய டேக் ஒருவரோடு நகர்ந்துகொண்டே இருந்தால் அவருடைய போன் எச்சரிக்கும். பெண்களைப் பின்தொடர டேக்கை ஒளித்துவைக்கிறார்கள் என்ற புகார்கள் வந்த பிறகு, ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து 2024 மே மாதம் இதை இரண்டு வகைப் போன்களுக்கும் கொண்டுவந்தன. அதே எச்சரிக்கை திருடனுக்கும் போகும். பைக்குக்கு சிம் போட்ட ஜிபிஎஸ் கருவிதான் சரி.

உங்கள் போனுக்கே அப்படி எச்சரிக்கை வந்தால் அதிலேயே சத்தம் எழுப்பித் தேடுங்கள்: கைப்பையின் அடி, வண்டி சீட்டுக்குக் கீழே, நம்பர் பிளேட்டுக்குப் பின்னால். கிடைத்ததும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பேட்டரியைக் கழற்றுங்கள். டேக்கைத் தூக்கி எறியாதீர்கள். போலீஸுக்கு அதன் சீரியல் நம்பர் வேண்டும்.

பேட்டரியும் கைமாற்றுவதும்

ஏர்டேக்குக்கும் இன்னும் பல டேக்குகளுக்கும் சிஆர்2032 செல்தான். வாட்ச் கடையில் கிடைக்கும். ஏர்டேக்கின் ஸ்டீல் மூடியை இரண்டு விரலால் அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். குழந்தைகள் வாயில் போடாமலிருக்கக் கசப்புப் பூச்சோடு வரும் செல்கள் சில ஏர்டேக்கில் வேலை செய்யாது, புதுசு போட்டும் ஓடவில்லை என்றால் அதைச் சந்தேகியுங்கள். கழற்றிய பழைய செல்லை மேசையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும், நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம்.

டேக்கை வேறு யாருக்காவது கொடுக்கிறீர்களா? முதலில் உங்கள் ஆப்பில் ‘ரிமூவ்’ செய்துவிட்டுக் கொடுங்கள். செய்யாவிட்டால் அது உங்கள் கணக்கிலேயே பூட்டிக் கிடக்கும், வாங்கியவரால் தன் போனில் சேர்க்கவே முடியாது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள், விற்பவர் ரிமூவ் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, அங்கேயே தங்கள் போனோடு இணைத்துவிட்டுப் பணம் கொடுங்கள்.