கொடிக்கயிறாகத் தொய்ந்த கம்பிகள்

மூன்று வாரமாக என் கிட்டார் தேனீக்கூட்டம் போல இரைந்தது; டிரம்ஸ் சேர்ந்ததும் காணாமல் போனது. ஸ்டோனர் ராக் என்ற தாழ்சுருதி ராக் இசையின் கனத்துக்கு, ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலை முழுக்கத் திருகினால் போதும் என்று நம்பியிருந்தேன்.

அந்த இசையின் முன்னோடிகளான கையஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஜோஷ் ஹோமி, கம்பிகளின் சுருதியை 'சி' வரை இறக்கி, பேஸ் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயர் வழியாக வாசித்தவர். நானும் நான்கு அரைச்சுரம் இறக்கினேன். 0.010 அங்குலத் தடிமனில் தொடங்கும் என் மெல்லிய கம்பிகள் கொடிக்கயிறாகத் தொய்ந்தன. 0.012 முதல் 0.056 வரையிலான தொகுப்பை மாட்டினேன். தடித்த ஆறாவது கம்பி, கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் உட்கார மறுத்தது. மெல்லிய அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். அவசரப்பட்டால் நட்டே பாழாகிவிடும்.

பிறகு ஃபஸ்ஸைப் பாதியாகக் குறைத்து, பேஸ் எனும் தாழ் ஒலியைத் தணித்து, மிட் எனும் நடு ஒலியை மூன்றிலிருந்து ஏழுக்கு ஏற்றினேன். என் பெடல் விழுங்கிக்கொண்டிருந்தது அந்த நடு அலைவரிசைகளைத்தான். கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புகளில் கழுத்துப் பக்கம் இருப்பதைத் தேர்ந்து, ஒரே ஓர் அடி. அறைக்கதவு அதிர்ந்தது!